ஓடும் மீமுக்குத் தமிழ் கேப்ஷன்: புள்ளி தப்பணும், டைமிங் தப்பக்கூடாது

சட்டென்று தலையைத் திருப்பி முறைக்கும் 'டிராமாட்டிக் சிப்மங்க்'கைப் பார்க்காதவர்கள் குறைவு. ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிலிருந்து வெட்டி, 2007இல் யூடியூபில் பரவிய 5 விநாடித் துண்டு அது. பெயரில்தான் சிப்மங்க். உண்மையில் அது வட அமெரிக்கப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் பிரெய்ரி நாய் என்ற கொறிக்கும் பிராணி. விலங்கு ரியாக்‌ஷன் மீமுக்கு வேண்டிய எல்லாமே அந்தத் துண்டில் இருக்கிறது: அசையாமல் ஒரு கணம், ஒரு திரும்பல், அப்புறம் குளோசப்பில் முகம். இங்கே சொல்லப்போகும் கணக்குகளுக்கு அதையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். மற்ற பூனை, நாய், குரங்கு கிளிப்களுக்கும் இதே வழிதான், எண்கள் மட்டும் மாறும்.

கேப்ஷன் சொல்ல வேண்டியது சூழ்நிலையை மட்டும். உணர்ச்சியைக் காட்டுவது விலங்கின் வேலை. முறைக்கிற படத்துக்கு மேலே 'செம கடுப்பில் நான்' என்று எழுதினால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்ன மாதிரி ஆகிவிடும், சிரிப்பு வராது. வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுங்கள். "'சும்மா ஒரு கேள்வி'ன்னு மேனேஜர் ஆரம்பிச்சதும்", "கல்யாண வீட்ல 'அடுத்தது நீதான்'னு சொன்னப்ப" என்று நிறுத்தினால், படிப்பவரின் கண் மீதிப் பாதியைத் தேடித் தானாகவே கீழே இறங்கும். அங்கே விலங்கு காத்திருக்கும். 'நான்', 'என் ரியாக்‌ஷன்', கூடவே நாலு அழுது சிரிக்கும் எமோஜி, இவை எல்லாம் அந்த இறக்கத்தின் நடுவில் போட்ட வேகத்தடைகள்.

பேச்சுத் தமிழில் எழுதுவதென்றால் ஒரே ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். முதல் வரி 'ஏலே', இரண்டாம் வரி 'ஏனுங்க' என்றால் திருநெல்வேலிக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் சேர்ந்தே முகம் சுளிப்பார்கள். 'பண்றாங்க', 'செய்கிறார்கள்' இரண்டையும் ஒரே கேப்ஷனில் கலப்பதும் அப்படித்தான்.

இப்போது நம் பிரெய்ரி நாய்க்கு ஒன்று எழுதுவோம். முதல் வடிவம்: "அம்மா தூங்குறாங்கன்னு நெனச்சு அடுக்களைல இருந்த முறுக்கு டப்பாவத் திறந்தப்ப". இது நீளம். முறுக்கு டப்பா அடுக்களையில்தான் இருக்கும், அது வேண்டாம். 'நெனச்சு'வும் வேண்டாம், 'தூங்குறாங்கன்னு' என்பதிலேயே அது இருக்கிறது. மிஞ்சுவது இரண்டு வரி:

அம்மா தூங்குறாங்கன்னு
முறுக்கு டப்பாவத் திறந்தா

முதல் வரி 11 எழுத்து, இரண்டாவது 13. தலை திரும்பியதும் இந்த இரண்டு வரியும் போய், அந்த இடத்தில் ஒரே வரி வர வேண்டும்: "எத்தனை எடுத்தே?"

எழுத்தை எண்ணுவதற்குக் காரணம் உண்டு. தமிழ் எழுத்து அகலத்தைத் தின்னும். 'கொ' என்ற ஒரே எழுத்துக்குக் கொம்பு, க, கால் என்று மூன்று இடம் போகும். 480 பிக்சல் அகலப் படத்தில், இருபுறமும் 16 பிக்சல் விட்டு, 28 பிக்சல் அளவில் தடித்த எழுத்துப் போட்டால் ஒரு வரிக்கு ஏறத்தாழ 15 எழுத்துதான் பிடிக்கும். ஆங்கில டெம்ப்ளேட்டில் அதே இடத்தில் இன்னும் அதிகம் பிடித்திருக்கும். அந்தக் கணக்கை நம்பி எழுதினால் மூன்றாவது வரி வந்து விலங்கின் காதை மறைக்கும். வரியை எங்கே உடைப்பது என்பதையும் ஆப்பிடம் விடக்கூடாது. சில ஆப்கள் 'திறந்தா'வின் 'ந்தா'வை மட்டும் அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். என்டர் தட்டி நீங்களே உடையுங்கள், அதுவும் பேசும்போது மூச்சு விடுகிற இடத்தில்.

அடுத்தது நேரம். கேப்ஷனை வாய்விட்டு நிதானமாக ஒருமுறை படியுங்கள். அதற்கு ஆகும் நேரம்தான் அது திரையில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம். மேலே உள்ள இரண்டு வரிக்கு 2 விநாடி வேண்டும். ஆனால் கிளிப்பில் தலை திரும்புவதற்கு முன் அவ்வளவு இடம் இருக்காது. பலர் இங்கே கிளிப்பையே ஸ்லோமோஷன் ஆக்கிவிடுகிறார்கள். அது தப்பு. திரும்பலின் வேகம்தான் சிரிப்பே, அதில் கை வைக்கக்கூடாது. முதல் ஃப்ரேமை, அதாவது ஓடும் படத்தின் முதல் தனிப்படத்தை, மட்டும் உறைய வையுங்கள். ஜிஃப்பில், அதாவது சத்தமில்லாமல் ஓடும் படக் கோப்பில், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனித்தனியாக நேரம் குறிக்கலாம், அலகு விநாடியில் நூறில் ஒரு பங்கு. 36 ஃப்ரேம் வைத்துக்கொண்டால், முதல் ஃப்ரேமுக்கு 150, நடுவில் உள்ள 34 ஃப்ரேமுக்கும் தலா 8, கடைசி முகத்துக்கு 120. மொத்தம் 5.42 விநாடி. உறைந்த ஃப்ரேமால் ஃபைல் பெரிதாவதில்லை, ஒரே படம் கூடுதல் நேரம் நிற்கிறது, அவ்வளவுதான். படிக்கவும் நேரம் கிடைக்கும், 'என்னமோ நடக்கப்போகுது' என்ற எதிர்பார்ப்பும் ஏறும்.

"எத்தனை எடுத்தே?" எப்போது வர வேண்டும்? தலை திரும்பும் அதே ஃப்ரேமில் வந்தால் கண் எழுத்துக்குப் போய்விடும், திரும்பலைத் தவறவிடும். முகம் முழுதாகக் கேமராவைப் பார்த்த பிறகு 2 அல்லது 3 ஃப்ரேம் தள்ளி வரட்டும், கால் விநாடிக்கும் குறைவான இடைவெளி. முதல் கேப்ஷனை மட்டும் ஒருபோதும் தாமதமாகக் கொண்டுவராதீர்கள், ஃபேட்-இன்னும் வேண்டாம். ஓடத் தொடங்கும் முன் திரையில் தெரிகிற படம் பெரும்பாலும் முதல் ஃப்ரேம்தான். அதில் எழுத்து இல்லையென்றால் விரல் தாண்டிப் போய்விடும்.

ஃப்ரேம் நேரத்தில் இன்னொரு கண்ணி உண்டு. வேகமாக ஓடட்டும் என்று 0 அல்லது 1 கொடுத்தால், பிரவுசர்கள் அதை ஏற்காமல் 10 என்று எடுத்துக்கொள்ளும். எடிட்டரில் பறந்த பூனை பிரவுசரில் தவழும். 2க்குக் கீழே போகாதீர்கள். விலங்கு அசைவுக்கு 6 முதல் 8 வரை போதும்.

கிளிப் தேர்வில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த விலங்கு நிஜத்தில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். பல்லைக் காட்டி 'சிரிக்கும்' சிம்பன்சி பெரும்பாலும் பயந்துபோய் இருக்கிறது. கூச்சம் காட்டினால் கைகளைத் தூக்கிக்கொண்டு 'ரசிக்கும்' ஸ்லோ லோரிஸ் உண்மையில் தற்காப்பு நிலையில் நிற்கிறது. அதன் முழங்கைப் பக்கம் நச்சுச் சுரப்பி உண்டு, அதற்காகத்தான் கையைத் தூக்குகிறது. அந்த வகை வீடியோக்களை எதிர்த்து 2015இல் சர்வதேச அளவில் பிரசாரமே நடந்தது. நம்மூர்த் தேவாங்கு அதன் நெருங்கிய உறவு. யாரையாவது திட்டுவதற்கு மட்டும் அதன் பெயர் நமக்கு ஞாபகம் வரும், ஆனால் அதற்கென்றே கரூர் மாவட்டக் கடவூரில் 2022இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பூனைக்குப் பின்னால் வெள்ளரிக்காயை வைத்துத் துள்ளவிடும் கிளிப்களையும் விட்டுவிடலாம். தும்மல், தூக்கக் கலக்கம், தட்டைப் பார்த்து ஏங்குவது, கதவு திறந்ததும் திரும்புவது என்று விலங்குக்குக் கஷ்டமில்லாத ரியாக்‌ஷன்களே ஏராளம்.

மூலம் வீடியோவாக இருக்கட்டும். ஏற்கெனவே ஜிஃப் ஆனதில் ஃப்ரேமுக்கு அதிகபட்சம் 256 நிறம்தான் மிஞ்சியிருக்கும். மீதி நிறங்களைப் புள்ளி புள்ளியாகத் தூவிச் சமாளித்திருப்பார்கள். அதன் மேல் மறுபடி வேலை செய்தால் ரோமம் மணல் கொட்டியது போல் ஆகும், ஃபைலும் வீங்கும். ஜிஃப்தான் கிடைத்தது என்றால், கேப்ஷன் போடும் முன் அதன் ஃப்ரேம்களை முழுப்படமாக விரித்துக்கொள்ளுங்கள். இலவசப் பட எடிட்டரான ஜிம்ப்பில் அனிமேஷன் மெனுவில் 'அன்ஆப்டிமைஸ்', ஈஸிஜிஃப் தளத்திலும் அதற்கு வசதி உண்டு. சுருக்கிய ஜிஃப்பில் பல ஃப்ரேம்கள் மாறிய பகுதியை மட்டுமே வைத்திருக்கும். அதை விரிக்காமல் எழுத்தை ஏற்றினால் பாதி ஃப்ரேமில் எழுத்து இருக்கும், பாதியில் கிழிந்திருக்கும். ஜிம்ப்பில் இன்னொரு பொறி: அங்கே ஒவ்வொரு லேயரும் (அடுக்கும்) ஒரு ஃப்ரேம். எழுத்தை மேலே தனி லேயராக வைத்து அப்படியே ஏற்றுமதி செய்தால், அது கடைசி ஃப்ரேமாகி ஒரு கணம் மின்னி மறையும். 'எழுத்து ஏன் கடைசியில் மட்டும் வருது?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

எழுத்தை எங்கே வைப்பது? படத்தின் மேல் கருப்பு விளிம்போடு வெள்ளை எழுத்து என்பது பழைய மீம் வழக்கம். தமிழுக்கு அது ஒத்துவருவதில்லை. படத்துக்கு மேலே தனியாக வெள்ளைப் பட்டை சேர்த்து, அதில் கருப்பு எழுத்துப் போடுவதே சிறந்தது. காரணங்கள் மூன்று. விலங்கின் முகம் மறையாது. பின்னால் ரோமம் அசையாததால் எழுத்து தெளிவாக நிற்கும். தட்டையான வெள்ளை கிட்டத்தட்ட இடமே எடுக்காமல் சுருங்கும். 2007ஆம் ஆண்டு கிளிப் சின்ன அளவுதான், 480க்கு 360க்கு மேல் இழுத்தால் மங்கும். இரண்டு வரிக்கு 96 பிக்சல் பட்டை போதும், ஆக மொத்த உயரம் 456. இது இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 455 என்று அமைந்துவிட்டால் ஜிஃப் ஓடும், ஆனால் எம்பி4 வீடியோவாக மாற்றும்போது 'இரண்டால் வகுபடவில்லை' என்று, மாற்றித் தரும் என்கோடர் நின்றுவிடும்.

வரி இடைவெளி எழுத்தளவில் 1.45 மடங்கு. ஆங்கிலத்துக்கு வைக்கிற 1.1 நமக்கு ஆகாது. மேல் வரியின் 'கு', 'று' கீழே வால் விடும், கீழ் வரியின் 'தி', 'ந்' மேலே வளைவும் புள்ளியும் வைத்திருக்கும். இரண்டும் முட்டிக்கொண்டால் 'ந்' எது, 'ந' எது என்று தெரியாது.

விளிம்பு போட்டே ஆக வேண்டும் என்றால் 28 பிக்சல் எழுத்துக்கு 2 பிக்சல். அதற்கு மேல் போனால் 'ண', 'ன' இரண்டின் சுழியும் அடைந்து ஒரே எழுத்து மாதிரி தெரியும். விளிம்பு எழுத்தின் வெளிப்பக்கம் மட்டும் வளரும்படி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இம்பேக்ட் ஃபான்ட்டில் தமிழே இல்லை. தேர்ந்தெடுத்தாலும் ஆப் வேறேதோ மெல்லிய ஃபான்ட்டில் தமிழைக் காட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், பாலூ தம்பி மூன்றும் இலவசம். சேட்டையான கேப்ஷனுக்குப் பாலூ தம்பியின் உருண்டை பொருந்தும், ஆனால் அதன் மிகத் தடித்த வகையில் சுழிகள் சின்னதாகும். சிறிய அளவில் முக்த மலரின் தடித்த வகைதான் படிக்க எளிது.

தமிழ் கேப்ஷன்களில் அதிகம் உடைவது எழுத்துச் சேர்க்கை. டைப் செய்யும்போது 'கொ' சரியாக இருக்கும், வீடியோவில் 'க'வுக்கு வலப்பக்கம் கொம்பும் ஒரு புள்ளிவட்டமும் தொங்கும். எழுத்துகளை வரிசை மாற்றிக் கோக்கும் வேலையை அந்த மென்பொருள் செய்யவில்லை என்று பொருள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டைப் அமைப்புகளில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' என்ற எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தால் சரியாகும். கட்டளை எழுதி வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியின் 6.1க்கு முந்தைய பதிப்புகளில், படத்தில் எழுத்துப் போடும் டிராடெக்ஸ்ட் ஃபில்டர் தமிழைக் கோக்காது. அங்கே சப்டைட்டில் ஃபைலாக எழுதி, சப்டைட்டில் ஃபில்டர் வழியாகப் படத்தில் பதித்தால் எழுத்து சரியாக வரும். பைத்தான் நிரலில் பில்லோ என்ற படத் தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள், எழுத்தைக் கோத்துத் தரும் ராக்ம் லேஅவுட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாமினி மாதிரி பழைய குறியாக்க ஃபான்ட்டுக்கு மாற்றி ஒட்டும் வழியும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வேலை நடக்கும், ஆனால் நாளைக்கு ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரே சுலபமான வழி, எழுத்தைப் படமாக்கிவிடுவது. தமிழ் ஒழுங்காகத் தெரிகிற எதில் வேண்டுமானாலும், லிப்ரேஆஃபீஸ், இங்க்ஸ்கேப், ஜிம்ப் எதுவானாலும், 480க்கு 96 அளவில் வெள்ளைப் பின்னணியோடு இரண்டு பட்டைகளைச் செய்து பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஒன்றில் முதல் இரண்டு வரி, மற்றதில் "எத்தனை எடுத்தே?". பிறகு எடிட்டரில் அவற்றைப் படங்களாக மேலே வைத்து, எந்த ஃப்ரேமிலிருந்து எந்த ஃப்ரேம் வரை என்று மட்டும் சொல்லுங்கள். எந்த ஆப்பும் ஒரு படத்தின் கொம்பைப் பிடுங்கி வலப்பக்கம் வைக்க முடியாது.

ஜிஃப்பாக வெளியிடும்போது ஃபைல் அளவு பிரச்சினை. 480க்கு 456 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 2,18,880 பிக்சல். பிக்சலுக்கு ஒரு பைட் வீதம் 36 ஃப்ரேமுக்குச் சுருக்கும் முன் ஏறத்தாழ 7.9 எம்பி. இதை எவ்வளவு குறைக்கலாம் என்பது முன் ஃப்ரேமோடு எவ்வளவு மாறவில்லை என்பதைப் பொறுத்தது. நிறத்தைத் தூவும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எஃப்எஃப்எம்பெக்கில் வழக்கமாக வருகிற தூவல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புள்ளிகளை வேறு வேறு இடத்தில் போடும். அசையாத சுவர்கூட மினுமினுக்கும், மாறாத பகுதி என்று எதுவுமே மிஞ்சாது. 'பேயர்' (bayer) என்ற வகைத் தூவலை, அளவு 3இல் வைத்தால் புள்ளிகள் ஒரே இடத்தில் நிற்கும், ஃபைல் கண்கூடாகக் குறையும். கட்டம் கட்டமாக லேசாகத் தெரியும், ரோமத்தில் அது பெரிதாக உறுத்தாது. நிறப்பட்டியலை, அதாவது பேலட்டை, பட்டை சேர்த்த பிறகு எடுக்க வேண்டும். பட்டை சேர்க்கும் முன் எடுத்தால் பட்டியலில் சுத்த வெள்ளையே இருக்காது, வெள்ளைப் பட்டை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள் விழும். லூப் எண்ணிக்கை 0 என்றால் முடிவில்லாமல் ஓடும். 1 என்று வைத்துவிட்டு 'ஏன் நின்றுபோகிறது' என்று தேடுபவர்கள் உண்டு.

வாட்ஸ்அப்புக்கு என்றால் ஜிஃப்பே செய்ய வேண்டாம். அது எப்படியும் சத்தமில்லாத எம்பி4 ஆகத்தான் அனுப்புகிறது, டெலிகிராமும் அப்படியே. எம்பி4 ஆகவே செய்து, அனுப்பும் திரையில் 6 விநாடிக்குள் இருக்கும்போது ஜிஃப் பொத்தானைத் தட்டுங்கள். நம் 5.42 அதற்குள் அடங்கும். அங்கே மறுபடி சுருக்கும்போது முதலில் பலியாவது புள்ளிதான். 28 பிக்சல் எழுத்தில் புள்ளி என்பது நாலைந்து பிக்சல். 'பட்டு' 'படடு' ஆகும், 'அம்மா' 'அமமா' ஆகும். நிறத்தில் எழுதினால் இன்னும் மோசம். வீடியோவில் வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் பதிவாகும், நிறமோ நாலு பிக்சலுக்கு ஒன்று. கருப்பின் மேல் சிவப்பு எழுத்து ஓரம் கரைவது இதனால்தான். வெள்ளையில் கருப்பு, கருப்பில் வெள்ளை, தேவைப்பட்டால் கருப்பில் மஞ்சள். இவற்றில் வெளிச்ச வித்தியாசமே எழுத்தைக் காப்பாற்றிவிடும். உங்களுக்கே ஒருமுறை அனுப்பி, வந்ததைச் சாதாரண ஃபோனில் பெரிதாக்காமல் படித்துப் பாருங்கள். 'ந்', 'க்' எல்லாம் புள்ளியோடு தெரிந்தால் குரூப்பில் போடலாம்.

ஸ்டிக்கர் வேறு கணக்கு. வாட்ஸ்அப்பின் அசையும் ஸ்டிக்கர் 512க்கு 512, வெப்பி வடிவம், 500 கேபிக்குள், 10 விநாடிக்கு மிகாமல். டெலிகிராம் வீடியோ ஸ்டிக்கர் 3 விநாடி, 256 கேபி, வெப்எம் வடிவம். சாட்டில் இது சின்னதாகத் தெரியும் என்பதால் வெள்ளைப் பட்டையும் இரண்டு வரியும் எடுபடாது. சூழ்நிலையை எதிரே இருப்பவர் ஏற்கெனவே டைப் செய்திருப்பார், ஸ்டிக்கர் வெறும் பதில். எனவே "எத்தனை எடுத்தே?" மட்டும், 60 பிக்சலுக்குக் குறையாமல், கீழே.

எக்ஸ் போன்ற தளங்களில் போடும்போது மாற்று விவரணையை (ஆல்ட் டெக்ஸ்ட்) நிரப்புங்கள். 'ஃபன்னி அனிமல்' என்று எழுதுவதில் பயனில்லை. "முதுகு காட்டி நிற்கும் பிரெய்ரி நாய் சட்டெனத் திரும்பி முறைக்கிறது" என்று அசைவையும், பின்னால் இரண்டு கேப்ஷன்களையும் வரிசைப்படி எழுதினால், திரையை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரில் கேட்பவருக்கும் நகைச்சுவை அதே வரிசையில் போய்ச் சேரும். எழுத்தைப் பளிச் பளிச்சென்று மின்ன விடாதீர்கள். விநாடிக்கு 3 முறைக்கு மேல் மின்னுவது வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து.

நண்பர்கள் குரூப்பில் ஓடும்வரை யாரும் கேட்பதில்லை, கடை விளம்பரத்துக்கு அதே பூனையை எடுத்தால் கதை வேறு. சிடுசிடு முகத்தால் புகழ்பெற்ற 'கிரம்பி கேட்' என்ற பூனையின் படத்தை ஒப்பந்தத்தை மீறிப் பொருள்களில் பயன்படுத்திய நிறுவனத்துக்கு எதிராக, 2018இல் அமெரிக்க நீதிமன்றத்தில் 7,10,000 டாலர் தீர்ப்பானது. விளம்பரத்துக்கு வீட்டு நாயையோ தெருப் பூனையையோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோனை அதன் கண் மட்டத்துக்கு இறக்கி, படுக்கை வாக்கில், விநாடிக்கு 60 ஃப்ரேமில் வையுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வரட்டும். பின்னால் வெறும் சுவர் இருந்தால் ஃபைலும் சுருங்கும். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரத்தால் தலை தானாகத் திரும்பும். திரும்புவதற்கு முன் 2 விநாடி, திரும்பிய பின் 2 விநாடி விட்டுப் பதிவு செய்யுங்கள். பிஸ்கட்டைக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது டேக்குக்கு அது திரும்பாது.